தெர்மோடைனமிக்ஸ்ல நல்லா கஷ்டமான கணக்கு தேடி தனியா படிக்கிறவங்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாஸ் இல்ல, வாத்தியார் இல்ல, பக்கத்துல கேக்க ஒரு ஆள் கூட இல்லாம தானா உக்காந்து தெர்மோ படிக்கிறவங்க திரும்பத் திரும்ப கேக்கிற கேள்விகளை இங்க ஒண்ணா சேத்து வெச்சிருக்கேன். ஃபர்ஸ்ட் லா, செகண்ட் லா, ஐடியல் கேஸ், கார்னோ சைக்கிள் வரைக்கும் ஒரு தடவை படிச்சு முடிச்சவங்களை மனசுல வெச்சு எழுதினது. அது இன்னும் முடிக்கலன்னா அதை முடிச்சுட்டு வாங்க, அப்பதான் கீழ இருக்கிற கணக்கெல்லாம் ருசிக்கும்.

புக்ல ஒவ்வொரு சேப்டர் பின்னாடியும் இருக்கிற கணக்கு எல்லாம் போட்டுட்டேன். ஆனா புதுசா ஒண்ணு குடுத்தா ஆரம்பிக்கவே வரல. ஏன்?

ஏன்னா சேப்டர் பேரே பாதி விடையை சொல்லிடுது. "அடியாபாட்டிக் ப்ராசஸ்"ங்கிற தலைப்புக்கு கீழ ஒரு கணக்கு இருந்தா எந்த ஃபார்முலா எடுக்கணும்னு நீங்க யோசிக்கவே வேண்டாம், நம்பரை போட்டா போதும். தெர்மோல நிஜமான கஷ்டம் அதுக்கு முன்னாடி இருக்கு, எதை சிஸ்டம்னு எடுத்துக்கிறது, எல்லைக்கோட்டை எங்க போடுறது, அந்தக் கோட்டைத் தாண்டி என்ன போகுது என்ன வருது, இதை நீங்களே முடிவு பண்ணணும். அந்தப் பழக்கம் சேப்டர் கணக்குல வராது.

ஒரு கணக்கு சொல்றேன், போட்டுப் பாருங்க. ஹீட் வெளிய போகாத மாதிரி மூடின கெட்டியான ஒரு டேங்க், உள்ள வேக்யூம். வெளிய 300 கெல்வின்ல காத்து. வால்வை திறந்தா காத்து உள்ள பாயுது, ரெண்டு பக்கமும் பிரஷர் சமமானதும் வால்வை மூடிடுறோம். உள்ள டெம்பரேச்சர் என்ன?

நிறைய பேர் உடனே 300ன்னு சொல்லுவாங்க, வேக்யூம்குள்ள விரியுற கேஸ் வொர்க் பண்ணாதுன்னு படிச்சது ஞாபகத்துல இருக்கும். சிலர் விரிஞ்சா குளிரும்னு சொல்லி 300க்கு கீழ ஒரு நம்பர் சொல்லுவாங்க. சரியான விடை 420 கெல்வின், அதாவது 147 டிகிரி செல்சியஸ்! உள்ள போன காத்து மட்டும்தான் சிஸ்டம்னு எடுத்து அது வெளிய இருந்தப்போ எங்க இருந்துச்சுன்னு கற்பனையா ஒரு எல்லை போட்டீங்கன்னா, பின்னாடி இருக்கிற காத்து அதை உள்ள தள்ளிக்கிட்டே வர்றது கண்ணுக்கு தெரியும். அந்த தள்ளுற வொர்க் முழுக்க உள்ள எனர்ஜியா சேருது. வெளிய இருந்தப்போ அதோட என்தால்பி (இன்டர்னல் எனர்ஜியோட பிரஷர் இன்டு வால்யூமைக் கூட்டினது) எவ்ளோவோ அதுதான் இப்போ உள்ள இன்டர்னல் எனர்ஜி, அதனால டெம்பரேச்சர் காமா மடங்கு ஆகுது. காமான்னா சிபியை (பிரஷர் மாறாம இருக்கும்போது ஹீட் கெப்பாசிட்டி) சிவியால (வால்யூம் மாறாம இருக்கும்போது ஹீட் கெப்பாசிட்டி) வகுத்தது, காத்துக்கு அது 1.4. ஹீலியமா இருந்தா 500 கெல்வின்.

இது புரிஞ்சதும் விட்டுடாதீங்க. டேங்க்ல முன்னாடியே 300 கெல்வின்ல பாதி பிரஷருக்கு காத்து இருந்திருந்தா? அப்போ 350 கெல்வின் வரும். இதை நீங்களே கொண்டு வர முடிஞ்சா முதல் கணக்கு உண்மையிலயே உங்களுக்கு புரிஞ்சிருச்சு.

அப்போ கஷ்டமான கணக்குன்னா எது?

முதல்ல எது கஷ்டம் இல்லன்னு சொல்லிடறேன். ஸ்டீம் டேபிளை நாலு தடவை புரட்டி இன்டர்பொலேஷன் பண்ணி எட்டு ஸ்டேட் பாயின்ட் கண்டுபிடிக்கிறது கஷ்டம் இல்ல, வேலை ஜாஸ்தி, அவ்ளோதான். அதுவும் கத்துக்க வேண்டியதுதான், ஆனா அஞ்சு தடவை பண்ணினா போதும், அம்பது தடவை பண்ணி புதுசா ஒண்ணும் வராது.

என் கணக்குல நல்ல ப்ராப்ளம்னா ரெண்டு வரில கேக்கலாம், ரெண்டு வரில விடையும் எழுதலாம், நடுவுல ரெண்டு நாள் யோசிக்க வைக்கும். உதாரணத்துக்கு இது: குளிரான ஒரு ரூம்ல ஹீட்டர் போடுறோம், ரூம் முழுசா அடைச்சது இல்ல, கதவு இடுக்கு வழியா காத்து போய் வரும், அதனால உள்ள பிரஷர் எப்பவும் வெளிய இருக்கிற பிரஷர்தான். டெம்பரேச்சர் 10 டிகிரி ஏறினப்புறம் ரூம்ல இருக்கிற காத்தோட மொத்த இன்டர்னல் எனர்ஜி எவ்ளோ கூடியிருக்கும்?

கொஞ்சம் கூட கூடாது. ஐடியல் கேஸுக்கு இன்டர்னல் எனர்ஜி பிரஷர் இன்டு வால்யூமை காமா மைனஸ் 1 ஆல வகுத்தது, இங்க பிரஷரும் மாறல வால்யூமும் மாறல. ஹீட்டர் குடுத்த எனர்ஜிக்கு சமமான அளவு இடுக்கு வழியா வெளிய போன காத்தோட போயிடுச்சு. சுவர், மேஜை, நாற்காலி சூடாகுறது தனிக்கதை. இதுல ஒரு ஃபார்முலா கூட புதுசு இல்ல, ஆனாலும் முதல் தடவை கேக்கும்போது நம்பவே முடியாது. இப்படி நம்ம நினைப்பையே உலுக்குற கணக்கைத்தான் தேடணும்.

சரி, எங்க போய் தேடுறது?

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் பல்கலைக்கழகங்களோட பழைய க்வாலிஃபையிங் எக்ஸாம் பேப்பர். அமெரிக்காவுல பிஹெச்டி சேந்தவங்க ஆரம்பத்துலயே எழுத வேண்டிய தேர்வு அது, நிறைய டிபார்ட்மென்ட் பழைய கேள்விகளை வெளிப்படையாவே போட்டு வெச்சிருக்காங்க. தலைப்பு இல்லாம, எந்த சேப்டர்னு சொல்லாம, நேரா கேள்வி வரும், நமக்கு வேண்டியதும் அதுதான். தேடும்போது "க்வாலிஃபையிங் எக்ஸாம்"ங்கிறதோட "ஸ்டேட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ்"ங்கிற வார்த்தையையும் சேத்து தேடுங்க, வெறும் தெர்மோடைனமிக்ஸ்னு போட்டா அடிப்படைக் கேள்விகள்தான் முன்னாடி வந்து நிக்கும். இந்த மாதிரி எக்ஸாம் கேள்விகளை முழு சொல்யூஷனோட தொகுத்த புக் வேணும்னா லிம் யுங்-குவோ தொகுத்தது இருக்கு, 1990ல வந்தது. அதுல சொல்யூஷன் கேள்விக்கு அடியிலயே இருக்கும், அதனால ஒரு பேப்பரை வெச்சு மறைச்சுக்கிட்டே படிக்கணும், இல்லன்னா கண்ணு தானா கீழ போயிடும்.

அடுத்து சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாட். 1967ல வார்சால ஆரம்பிச்சது, பழைய கேள்வியும் விடையும் இலவசமா கிடைக்குது. எல்லா வருஷமும் தெர்மோ இருக்காது, ஆனா இருக்கிற வருஷத்துல ஒரு நிஜமான கருவியையோ இயற்கையில நடக்கிற ஒரு விஷயத்தையோ எடுத்து படிப்படியா உள்ள கூட்டிட்டு போவாங்க.

இரோடவ் எழுதின இயற்பியல் கணக்கு புக்கை நிறைய பேருக்கு தெரியும். அதுல தெர்மோ பகுதி சின்னதுதான், ஆனா ஒவ்வொண்ணும் கச்சிதம், வளவளன்னு இருக்காது. பின்னாடி விடை மட்டும்தான், வழி இருக்காது, தனியா படிக்கிறவங்களுக்கு அது நல்லதுன்னே நான் சொல்லுவேன்.

தியரியை அடியில இருந்து ஒழுங்கா கட்டணும்னு ஆசை இருந்தா கேலன் எழுதின தெர்மோடைனமிக்ஸ் புக். என்ட்ரோபி மேக்சிமம் ஆகும்ங்கிறதை ஆரம்பத்துலயே போஸ்டுலேட்டா வெச்சுட்டு மத்ததெல்லாம் அதுல இருந்து எடுப்பாரு, 1985ல வந்த ரெண்டாவது எடிஷன்தான் இப்போ புழக்கத்துல இருக்கு. அதுல கணக்கு எல்லாம் "இந்த ஃபங்ஷன் ஒரு நிஜமான பொருளோட என்ட்ரோபியா இருக்க முடியுமா"ங்கிற மாதிரி வரும், முதல்ல எரிச்சலா இருக்கும், பத்து போட்டதும் வேற கண்ணு தெறந்த மாதிரி இருக்கும். ஃபெர்மியோட சின்ன புக்கும் இருக்கு, 1936 கோடைல கொலம்பியா யுனிவர்சிட்டில குடுத்த லெக்சர்ல இருந்து வந்தது, கணக்கு கொஞ்சம்தான், ஆனா படிக்கவே சுகமா இருக்கும். கேலன் கனமா தெரிஞ்சா இதை முதல்ல முடிச்சுக்கோங்க.

குபோ எழுதின தெர்மோடைனமிக்ஸ் புக்கும் நல்லது, கணக்குக்கு முழு விடையோட வரும், ஆனா நடுவுல நிறைய ஸ்டெப் தாண்டிப் போகும், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல அரைப்பக்கம் நீங்க எழுத வேண்டியிருக்கும். எம்ஐடியோட ஓப்பன் கோர்ஸ்வேர்ல ப்ராப்ளம் செட், எக்ஸாம் பேப்பர் எல்லாம் இலவசமா இருக்கு, நிறைய கோர்ஸுக்கு சொல்யூஷனும் சேந்தே வருது.

இது எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணி ஒரு ஃபோல்டர்ல அடுக்கி வெச்சுட்டு எதையும் திறக்காம இருக்கிறவங்க நிறைய. ரெண்டு எடுங்க போதும், ஒண்ணு விடை இருக்கிறது, ஒண்ணு இல்லாதது.

ஒலிம்பியாட் ஸ்கூல் பசங்களுக்குத்தானே? நான் காலேஜ் முடிச்சவன்.

வயசைப் பாத்து ஒதுக்காதீங்க. அதுல மேத்ஸ் கம்மி, யோசனை ஜாஸ்தி. பார்ஷியல் டெரிவேட்டிவ் எல்லாம் சரளமா வர்றவங்க கூட அங்க நிக்கிறதை நான் பாத்திருக்கேன், சமன்பாடு எழுதுறதுக்கு முன்னாடி படம் போட்டு யோசிக்கிற பழக்கம் விட்டுப் போயிருக்கும்.

பிவி டயகிராம் கணக்கெல்லாம் ஈஸிதானே, அதை தாண்டிடலாமா?

தாண்டாதீங்க! ஒரே ஒரு நேர்கோடு போதும், எவ்ளோ ஆழம் இருக்குன்னு தெரிஞ்சுக்க. மோனோ அடாமிக் ஐடியல் கேஸ் ஒண்ணு பிவி படத்துல கீழ இறங்குற ஒரு நேர்கோட்டு வழியா விரியுது, அந்தக் கோடு ரெண்டு அச்சையும் வெட்டுதுன்னு வெச்சுக்கோங்க. கேள்வி, விரியும்போது எது வரைக்கும் கேஸ் ஹீட்டை உள்ள வாங்குது, எங்க இருந்து வெளிய விடுது?

டெம்பரேச்சர் ஏறுற வரைக்கும் வாங்கும், இறங்க ஆரம்பிச்சதும் விடும்னுதான் கை தானா எழுதும். தப்பு. கோடு வால்யூம் அச்சை வெட்டுற இடத்தை 1ன்னு வெச்சா, டெம்பரேச்சர் உச்சத்துக்கு வர்றது 0.5ல, ஹீட் திசை மாறுறது 0.625ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல கேஸ் ஹீட்டை வாங்கிக்கிட்டே குளிருது. ஹீட் கெப்பாசிட்டி நெகட்டிவ்! எப்படின்னா அந்த இடத்துல அது வாங்குற ஹீட்டை விட பண்ற வொர்க் ஜாஸ்தி, மிச்சத்தை தன்னோட இன்டர்னல் எனர்ஜில இருந்து எடுத்துக்குடுக்குது. இந்த 0.625 கோட்டோட சரிவையோ பிரஷரையோ பொறுத்து மாறாது, காமா மட்டும்தான் முடிவு பண்ணுது, காமாவை காமா பிளஸ் 1 ஆல வகுத்துப் பாருங்க.

இப்போ இதே மாதிரி நேர்கோடு வர்ற ஒரு முக்கோண சைக்கிளோட எஃபிஷியன்சி கேக்கிற பழைய கேள்வி ஏதாவது எடுத்துப் பாருங்க. எந்தப் பகுதில ஹீட் உள்ள வருதுன்னு இந்த இடத்துல தப்பு பண்ணினா எஃபிஷியன்சியே தப்பா வரும், போடுறவங்களுக்கு தப்புன்னு தெரியவும் தெரியாது, ஏன்னா நம்பர் பாக்க நல்லாவே இருக்கும்.

விடையே குடுக்காத கணக்கைப் போட்டா சரியா தப்பான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

தனியா படிக்கிறவங்களுக்கு இதுதான் பெரிய பயம், நியாயமான பயமும் கூட. ஆனா தெர்மோ மாதிரி தன்னைத்தானே சரிபாக்க வசதி குடுக்கிற சப்ஜெக்ட் வேற எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்ல. என்ட்ரோபின்னு ஒண்ணு இருக்கே, அது கூடவே இருக்கிற ஆடிட்டர் மாதிரி. எந்தக் கணக்கு முடிஞ்சாலும் மொத்த என்ட்ரோபி மாற்றத்தைப் போட்டுப் பாருங்க, நெகட்டிவா வந்தா எங்கயோ தப்பு, சந்தேகமே வேண்டாம்.

ஒரு கணக்கு மூலமா சொல்றேன், இது பழைய பிரபலமான கணக்குதான். ஒரே மாதிரி மூணு பொருள், ஹீட் கெப்பாசிட்டி சமம், மாறாது. ரெண்டு 300 கெல்வின்ல, ஒண்ணு 100 கெல்வின்ல. வெளிய இருந்து வொர்க்கும் கிடையாது ஹீட்டும் கிடையாது, நடுவுல எந்த எஞ்சினையும் ஃப்ரிட்ஜையும் வெச்சுக்கலாம். ஏதாவது ஒரு பொருளை அதிகபட்சம் எவ்ளோ சூடாக்க முடியும்?

எனர்ஜி மட்டும் பாத்தா மூணோட கூட்டல் 700, அதனால மத்த ரெண்டையும் ஜீரோவுக்கு கொண்டு போய் ஒண்ணை 700 ஆக்கலாம்னு தோணும். அப்படிப் பண்ணினா என்ட்ரோபி மாற்றம் மைனஸ் இன்ஃபினிட்டி, ஆடிட்டர் தூக்கி எறிஞ்சிடுவார். சரியா பண்ணினா ரெண்டு நிபந்தனை, கூட்டல் 700ஆவே இருக்கணும், என்ட்ரோபி குறையாம இருக்க மூணு டெம்பரேச்சரோட பெருக்கல் 90 லட்சத்துக்கு கீழ போகக்கூடாது. நமக்கு வேண்டிய உச்சத்துல எல்லாமே ரிவர்சிபிள், மிச்ச ரெண்டும் ஒரே டெம்பரேச்சர்ல நிக்கும், ஏன்னா அதுக்குள்ள வித்தியாசம் இருந்தா அதை வெச்சு இன்னும் கொஞ்சம் வொர்க் எடுத்திருக்கலாம். அப்படி எழுதினா ஒரு க்யூபிக் சமன்பாடு வரும், தீர்வு 150, 300, மைனஸ் 100. மைனஸ் 100 அர்த்தமில்லாதது. 300 எடுத்தா மூணாவது பொருள் 100, அது நாம ஆரம்பிச்ச இடமேதான். மிச்சம் 150, அப்போ மூணாவது 400 கெல்வின்.

ஆரம்ப நிலையே ஒரு தீர்வா திரும்பி வந்து நிக்குது பாத்தீங்களா, அதைப் பாத்ததும் சமன்பாடு சரியாத்தான் எழுதியிருக்கோம்னு ஒரு தைரியம் வரும். விடை பக்கத்தைப் பாத்து டிக் போடுறதுல அந்த தைரியம் கிடைக்காது. இதை முதல் தடவை நானா கொண்டு வந்தப்போ ராத்திரி தூக்கமே வரல, அவ்ளோ சந்தோஷம்.

இது தவிர எல்லைகளை சோதிக்கிறது. மூணு பொருளும் 300ல இருந்தா என் விடை 300 சொல்லுதா? குளிர் பொருள் ஜீரோவுக்கு கிட்ட போனா என்ன ஆகுது? டைமென்ஷன் செக், அப்புறம் காமா 1ஐ நெருங்கினா என்னன்னு பாக்கிறது, இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை.

எவ்ளோ நேரம் முட்டி மோதிட்டு சொல்யூஷன் பாக்கலாம்?

மணிக்கணக்கு வெச்சு சொல்ல மாட்டேன். என்ன முயற்சி பண்ணினீங்க, எங்க அடைச்சுக்கிச்சுன்னு பேப்பர்ல ஒரு வரி எழுத முடிஞ்சா பாக்கலாம். "புரியல"ன்னு மட்டும் எழுத வந்தா இன்னும் பாக்காதீங்க, ஒரு நாள் ஆறப் போடுங்க. பாக்கும்போதும் முதல் ரெண்டு வரி மட்டும் பாத்துட்டு மூடிடுங்க, பெரும்பாலும் அதுவே போதும், மிச்சம் தானா வந்துடும். முழுசா பாத்துட்டீங்கன்னா ஒரு வாரம் கழிச்சு வெறும் பேப்பர்ல மறுபடி போடுங்க. பாத்த அன்னைக்கே திருப்பி போடுறதுல பிரயோஜனம் இல்ல, அது ஞாபக சக்திக்கு வைக்கிற டெஸ்ட்.

கணக்கு கிடைக்கலன்னா நானே உருவாக்கிக்க முடியுமா?

முடியும், அதுதான் இந்தப் பக்கத்துல நான் ரொம்ப அழுத்தி சொல்ல வர்றது. கஷ்டமான கணக்கு எங்கயோ ஒளிஞ்சிருக்குன்னு தேடிக்கிட்டே இருக்க வேண்டாம், கைல இருக்கிற சாதாரண கணக்கோட ஒரு வார்த்தையை மாத்தினா போதும். "மெதுவா"ங்கிறதை "திடீர்னு"ன்னு மாத்துங்க. "கெட்டியான சுவர்"ங்கிறதை "நகர்ற பிஸ்டன்"னு மாத்துங்க. "ஐடியல் கேஸ்"ங்கிறதை "வான் டர் வால்ஸ் கேஸ்"னு மாத்துங்க. "பெரிய ரிசர்வாயர்"ங்கிறதை "அளவான ஒரு பொருள்"னு மாத்துங்க.

ஒண்ணு முழுசா பண்ணிக் காட்டுறேன். புக் கணக்கு இது: மோனோ அடாமிக் கேஸ், 300 கெல்வின், ஹீட் போகாத சிலிண்டர், பிரஷரை மெதுவா ரெண்டு மடங்கு ஆக்குறோம், டெம்பரேச்சர் என்ன? ஃபார்முலால போட்டா 2ஐ 0.4 அடுக்குக்கு ஏத்தணும், கிட்டத்தட்ட 396 கெல்வின். முடிஞ்சுது.

இப்போ மெதுவாங்கிறதை எடுத்துடுங்க. பிஸ்டன் மேல ஏற்கனவே இருக்கிற பிரஷருக்கு சமமான வெயிட் ஒண்ணை டப்புனு வைக்கிறோம், பிஸ்டன் கொஞ்சம் ஆடி அடங்கி நிக்குது. இப்போ அந்த அடுக்கு ஃபார்முலா செல்லாது, நடுவுல கேஸுக்கு ஒரே பிரஷர்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஆனா வெளிய இருந்து அழுத்துற பிரஷர் தெரியும், ஃபர்ஸ்ட் லா எப்பவும் செல்லும். போட்டா 420 கெல்வின். மெதுவா பண்ணினதை விட 24 டிகிரி ஜாஸ்தி.

அடுத்து வெயிட்டை டப்புனு எடுத்துடுங்க. பிரஷர் பழைய நிலைக்கு வந்துடுச்சு, டெம்பரேச்சர் 300க்கு வருமா? வராது, 336ல நிக்கும். 36 டிகிரிக்கான எனர்ஜி எங்க இருந்து வந்துச்சு? வெயிட்டை மேல வெச்சப்போ ரெண்டு மடங்கு அழுத்தம் கேஸை அமுக்குச்சு, எடுக்கும்போது அதுல பாதி அழுத்தத்துக்கு எதிராத்தான் கேஸ் விரிஞ்சுது. இதைக் கணக்காவே போட்டு எனர்ஜி சரியா வருதான்னு பாருங்க.

இதோட நிக்க வேண்டாம். வெயிட்டை ரெண்டு சம துண்டா வெட்டி ஒண்ணு ஒண்ணா வெச்சா? 408 கெல்வின். மூணு துண்டு, பத்து துண்டுன்னு போகப்போக 396ஐ நோக்கி இறங்கும், ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி ஆயிரம் துண்டுக்கு ஓட்டிப் பாத்தா ரிவர்சிபிள்ங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கண் முன்னாடி தெரியும். ஒரே கேள்வில இருந்து அஞ்சு கேள்வி வந்துடுச்சு, கடைசில இருக்கிறதுக்கு எந்த புக்லயும் விடை தேட வேண்டிய அவசியமே இல்ல.

என்ட்ரோபி கணக்குல மட்டும் திரும்பத் திரும்ப சறுக்குது, என்ன பண்றது?

பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஹீட்டை டெம்பரேச்சரால வகுக்கணும்ங்கிறது ரிவர்சிபிள் வழிக்கு மட்டும்னு மறந்துடுறோம். ஒரு மோல் கேஸ் வேக்யூம்குள்ள ரெண்டு மடங்கா விரியுது, ஹீட் ஜீரோ, ஆனா என்ட்ரோபி 5.76 ஜூல் பர் கெல்வின் கூடுது. நிஜமா நடந்த வழியை மறந்துட்டு, ஆரம்பத்தையும் முடிவையும் இணைக்கிற சௌகரியமான வேற ஒரு ரிவர்சிபிள் வழியை நீங்களே கண்டுபிடிக்கணும். அந்த வழியைக் கண்டுபிடிக்கிறதுதான் கணக்கே. இருபது வேற வேற நிகழ்வுக்கு இதை மட்டும் எழுதிப் பாருங்க, நம்பர் கூட வேண்டாம்.

இன்ஜினியரிங் பக்கம் படிக்கிறேன். எனக்கு இந்த மூணு பொருள் கணக்கெல்லாம் எதுக்கு?

உங்களுக்குத்தான் ரொம்ப உதவும். பவர் பிளான்ட், ஏசி, கம்ப்ரஸர் எல்லாத்துலயும் கேள்வி எங்க வொர்க் வீணாகுதுங்கிறதுதான். 350 கெல்வின்ல ஒரு கிலோ தண்ணி, 290 கெல்வின்ல ஒரு கிலோ, ரெண்டையும் கலந்தா 320. அப்படி கலக்காம நடுவுல ஒரு ஐடியல் எஞ்சினை வெச்சிருந்தா கிட்டத்தட்ட 11.8 கிலோஜூல் வொர்க் எடுத்திருக்கலாம், ரெண்டும் 318.6ல வந்து நின்னிருக்கும். கை மாறின ஹீட் 125 கிலோஜூல், அதுல வொர்க்கா எடுக்க முடிஞ்சது பத்துல ஒரு பங்கு கூட இல்ல. டெம்பரேச்சர் வித்தியாசம் கம்மியா இருந்தா எவ்ளோ கம்மியாத்தான் கிடைக்கும்ங்கிறது இந்த மாதிரி ஒண்ணு போட்டாதான் உறைக்கும்.

நிஜமான திரவங்களுக்கு ப்ராபர்ட்டி வேணும்னா நிஸ்ட் வெப்புக்ங்கிற அமெரிக்க அரசு வெப்சைட்ல இலவசமா எடுக்கலாம், கூல்ப்ராப்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரும் இருக்கு, அதை வெச்சுக்கிட்டா டேபிள் புரட்டுற வேலையே இல்ல. உங்க புக்ல இருக்கிற ஒரு ரெஃப்ரிஜரேஷன் சைக்கிளை எடுத்துக்கோங்க, ஒவ்வொரு பாகத்துலயும் எவ்ளோ என்ட்ரோபி உருவாகுதுன்னு தனித்தனியா போடுங்க, அப்புறம் எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு பதிலா ஒரு டர்பைன் வெச்சா எவ்ளோ மிச்சம்னு பாருங்க. ஏன் யாரும் சின்ன மெஷின்ல அப்படி வைக்கிறதில்லன்னும் யோசிங்க.

மேத்ஸ் எவ்ளோ வேணும்?

பார்ஷியல் டெரிவேட்டிவ் கண்டிப்பா வேணும், அதுவும் எதை மாறாம வெச்சிருக்கோம்ங்கிறதை ஒவ்வொரு தடவையும் எழுதுற பழக்கத்தோட. சிபிக்கும் சிவிக்கும் இருக்கிற வித்தியாசத்தை எந்தப் பொருளுக்கும் செல்ற மாதிரி ஒரு தடவை டிரைவ் பண்ணுங்க, விரிவு குணகத்தோட ஸ்கொயர் அதுல வரும். வந்ததும் இந்தக் கேள்வியைக் கேளுங்க: 4 டிகிரில இருக்கிற தண்ணிக்கு சிபி பெருசா சிவி பெருசா? ரெண்டும் சமம், அங்க தண்ணி விரியவும் இல்ல சுருங்கவும் இல்ல. அந்த ஸ்கொயர் இருக்கிறதால 4 டிகிரிக்கு கீழ சூடாக்கினா தண்ணி சுருங்குதே, அங்கயும் சிபிதான் பெருசு.

நிஜ வாழ்க்கை விஷயத்துல இருந்து கணக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஐஸ் மேல ஸ்கேட் பண்றவங்க சறுக்குறதுக்கு காரணம் பிளேடோட பிரஷர்ல ஐஸ் உருகுறதுதான்னு ஒரு விளக்கம் ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு. நம்பர் போட்டுப் பாருங்க. 70 கிலோ ஆள், பிளேடு தொடுற இடம் ஒரு சதுர சென்டிமீட்டர்னு வெச்சா பிரஷர் சுமார் 70 அட்மாஸ்பியர். க்ளாசியஸ் க்ளபேரான் சமன்பாடு படி ஐஸோட உருகுநிலையை ஒரு டிகிரி இறக்கவே 130க்கு மேல அட்மாஸ்பியர் வேணும். அதனால அரை டிகிரிதான் இறங்கும், ஆனா மைனஸ் 5லயும் அதுக்கு கீழயும் நல்லாவே சறுக்குது. அப்போ அந்த விளக்கம் மட்டும் போதாது, உராய்வுல வர்ற சூடும் ஐஸ் மேற்பரப்புல இயல்பாவே இருக்கிற மெல்லிசான நீர் மாதிரி படலமும் கணக்குல வரணும்.

சாட்பாட் கிட்ட கணக்கு கேக்கலாமா?

கேள்வி உருவாக்க கேக்கலாம், ஆனா விடையை நம்பி எடுத்துக்காதீங்க, மேல சொன்ன மாதிரி என்ட்ரோபி போட்டு நீங்களே பாருங்க. உங்க விடையைக் குடுத்து எங்க தப்புன்னு கேக்கிறது, நேரா விடை கேக்கிறதை விட நல்லது.

கடைசியா ஒரு கணக்கு குடுங்க, ரொம்ப நாள் ஓடுற மாதிரி.

ஹீட் போகாத சிலிண்டர், நடுவுல ஹீட்டே கடத்தாத ஒரு பிஸ்டன், உராய்வு இல்லாம நகரும். ரெண்டு பக்கமும் ஒரே ஐடியல் கேஸ், ஆனா பிரஷர் வேற, டெம்பரேச்சர் வேற. பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கொக்கியை எடுத்துடுறோம். ஆடி அடங்கினப்புறம் ரெண்டு பக்கமும் டெம்பரேச்சர் என்ன?

கடைசி பிரஷரை உங்களால கண்டுபிடிக்க முடியும், மொத்த எனர்ஜியும் மொத்த வால்யூமும் தெரிஞ்சா போதும். ஆனா பிஸ்டன் எந்த இடத்துல நிக்கும்னு போட ஆரம்பிச்சா ஒரு சமன்பாடு குறையும். என்ட்ரோபி மேக்சிமம்னு எழுதிப் பாருங்க, பிரஷர் சமமா இருக்கிற இடத்துல பிஸ்டனை மெல்ல நகர்த்தினா ரெண்டு பக்கமும் என்ட்ரோபி மாற்றம் தனித்தனியா ஜீரோ ஆயிடும், டெம்பரேச்சரைப் பத்தி ஒரு வார்த்தை கூட சொல்லாது. அந்த குறையுற சமன்பாடு எங்க இருக்கு, கேஸோட பிசுபிசுப்பு எந்தப் பக்கம் எவ்ளோங்கிறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், பிஸ்டனே அணுக்களோட மோதல்ல துளித்துளியா நடுங்கிக்கிட்டு இருக்குமே, ரொம்ப ரொம்ப நேரம் விட்டா அந்த நடுக்கம் வழியா என்ன நடக்கும்? விடையை இங்க எழுதப் போறதில்ல, பேப்பரை எடுங்க.